பெரியவருக்குத் தெரிந்த நடை

கட்டிங் அக்கா இடுப்பில் மணி கட்டிக்கொண்டு நடந்ததை அந்தத் தெருவில் போகப்போக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வாரம் பார்த்தார்கள். அடுத்த வாரம் காரணம் கேட்டார்கள். காரணம் தெரிந்த பிறகு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தெருக்கோடியில் மூடிப்போன மரவாடி ஒன்று இருந்தது. மரம் அறுத்த கொட்டகைகளில் இப்போது குதிரைகள் நின்றன. எல்லாம் யாருக்கும் வேண்டாத குதிரைகள். வண்டி இழுத்து ஓய்ந்தவை, சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்து முதுகு வளைந்தவை, பல் கொட்டிப்போய் ஊறவைத்த தவிட்டைத் தவிர வேறெதையும் மெல்ல முடியாதவை. சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசையில் காலமெல்லாம் நின்றுவிட்டு ஓய்வு பெற்ற அக்காவுக்குக் குதிரை வளர்க்கும் எண்ணம் எதுவும் இருக்கவில்லை. வீட்டில் உட்கார வேண்டும் என்பதுதான் எண்ணம். ஒரு நாள் ஒருவர் மரவாடிக் கதவில் கிழட்டுப் பெண்குதிரை ஒன்றைக் கட்டிவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை. அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் குதிரைக்கு அண்ணி என்று பெயர் வந்தது. அண்ணி இருக்கும் செய்தி பரவியதும் மற்றவை வந்தன. வேண்டாத குதிரை உள்ளவர்களுக்கு எப்படியோ விலாசம் தெரிந்துவிடுகிறது.

அக்காவுக்குக் குதிரையைப் பற்றித் தெரியாது. துணியைப் பற்றித் தெரியும். புண்பட்ட குளம்புகளுக்குப் பழைய ஜீன்ஸையும் டயர் டியூபையும் வெட்டிக் காலுறை தைத்தாள். ஈ மொய்க்கும் கண்களுக்கு ஜன்னல் திரையில் முகமூடி தைத்தாள். எந்தக் குதிரைக்கு எந்தக் கால் எவ்வளவு சுற்றளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். கணவருடைய சட்டை அளவைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள்.

கணவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். மரவாடிக் கதவு வரை வருவார், அதைத் தாண்ட மாட்டார். "எனக்கு அதுங்ககிட்ட ஒரு விரோதமும் இல்ல. ரொம்பப் பெரிசா இருக்கு, அவ்வளவுதான்" என்பார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடுகளவு திருகாணியோடு பழகியவருக்கு அது நியாயமான குறைதான்.

உதவிக்கு வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் ஒரு தடவை வருபவர்கள். குதிரையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாணி அள்ளும் கூடையைப் பார்த்ததும் அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். மறுபடி மறுபடி வந்தவர் கோர்ட்டில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர்தான். காலையில் இங்கே சாணி அள்ளிவிட்டு, குளித்து, மடிப்புக் கலையாத சட்டையோடு ஆபீஸ் போவார். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். குட்டையான கறுப்பு மட்டக்குதிரைக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எதைச் செய்தாலும் அது ஆட்சேபித்தது. தவிடு வைத்தால் காதைப் பின்னுக்கு மடித்தது. தவிடு வைக்காவிட்டால் கடித்தது.

பெரியவர் கடைசியாக வந்தவர். வெள்ளைக் குதிரை, நல்ல உயரம், இரண்டு கண்ணும் போனவர். அவர் நின்ற தோரணையைப் பார்த்து அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வைத்த பிறகு 'அது, இது' என்று பேச யாருக்கும் வாய் வரவில்லை. மாட்டு டாக்டர்தான் (குதிரைக்கும் அவர்தான்) வழி சொன்னார். அண்ணியின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டச் சொன்னார். அண்ணி கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து புல் மேட்டுக்கும் போவாள். பெரியவர் மணிச் சத்தத்துக்குக் காதைத் திருப்பி, பின்னாலேயே போவார். ஒரு தூணில்கூட முட்டிக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அண்ணி செத்துப்போனாள்.

பெரியவர் நின்ற இடத்தில் நின்றார். வாளியில் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தால் குடித்தார். ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. இழுத்தால் நடுங்கினார். "நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கும், குடல் சுருட்டிக்கும். இந்த வயசுக் குதிரைக்கு நடைதான் மருந்து. நடக்கலைன்னா அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அக்கா யோசித்துப் பார்த்தாள். அண்ணியின் கழுத்திலிருந்து அவிழ்த்து வைத்த மணியை எடுத்து, நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தொட்டியைப் பார்த்து நடந்தாள்.

பெரியவர் தலையைத் தூக்கினார். இரண்டு காதும் முன்னால் வந்தன. பிறகு அவர் அவள் பின்னால் நடந்து வந்தார்.

கிளார்க் மூக்கைச் சிந்தினார். அன்று பார்த்து உதவிக்கு வந்திருந்த ஒருவர் அழுதுகொண்டே படம் பிடித்தார். அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது, "அவருக்கு என்னைத் தெரியுதுங்க" என்றாள்.

வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றாமல், "ம்" என்றார்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் காலும் கட்டு, கையும் கட்டு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வெளியூர் கிடையாது. மகள் வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவாள். அண்ணிக்குப் பதில் இன்னொரு குதிரையைப் பழக்கியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பழக்கலாம் என்று அக்காவும் சொன்னாள். பழக்கவில்லை. அவள் போகும் இடமெல்லாம் அவ்வளவு பெரிய உருவம் ஒன்று நம்பிப் பின்னால் வருவது, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சுகமாக இருந்தது.

சிக்கல் அவளுடைய வலது முழங்காலில் இருந்தது. மேசை முன்னால் நின்று நின்று தேய்ந்த முழங்கால். ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றத் தேதி கொடுத்தார்கள். அவள் போகவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. ஒரு நாள் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த பெரியவர், மணி நின்றதும் தானும் நின்றார். குளம்பு அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கிளார்க் வந்து தூக்கிவிடும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மகள் ஓடி வந்தாள்.

"குதிரை மிதிச்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

"மிதிக்கலையே."

"இந்தத் தடவை நீ ஆஸ்பத்திரிக்குப் போகல, நான் வந்து அந்த மணியைக் கிணத்துல போட்டுடுவேன்."

"கிணத்தை மூடிட்டாங்க."

"அப்பா, பாருங்கப்பா இவங்க பேசறதை!"

வாட்ச்காரர் பார்த்தார். வழக்கமான பேச்சாகத்தான் பட்டது. ஆனாலும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு மூவருமாகப் போனார்கள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை தேதி கொடுத்தும் ஏம்மா வரல?" என்று கேட்டார்.

"ஒருத்தரைக் காலையிலயும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போகணும் டாக்டர். கண்ணு ரெண்டும் தெரியாது. என் பின்னாடி மட்டும்தான் வருவார்."

"அடடா. பாத்துக்க வேற யாரும் இல்லையா?"

"கூட ஒரு பத்துப் பேர் இருக்காங்க. எல்லாரும் புல்லு தின்னுட்டு இருப்பாங்க."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். விஷயத்தை விளக்கியதும் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இப்போது செய்துகொண்டால் நேராக நடக்கலாம், தள்ளிப்போட்டால் குதிரையை இவள் கூட்டிப்போவது இருக்கட்டும், இவளையே யாராவது கூட்டிப்போக வேண்டிவரும் என்றார். அடுத்த வாரமே தேதி. செய்துகொண்ட பிறகு பல வாரம் மரவாடிப் பக்கம் தலை காட்டக் கூடாது.

ஆக ஒரு வாரத்துக்குள் மணியை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் திரும்பி வரும்போது பெரியவர் இருக்க மாட்டார்.

முதலில் கிளார்க் கட்டிக்கொண்டார். கோர்ட் வராந்தாவில் நடப்பது போல நிதானமாக, நேராக நடந்தார். பெரியவர் ஒரு காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு காதைப் பழையபடி திருப்பிக்கொண்டார். வாசனை வேண்டுமோ என்று அக்காவின் பழைய மேல்சட்டையைக் கிளார்க்குக்கு மாட்டிவிட்டார்கள். கை பாதிவரைதான் ஏறியது. பெரியவர் முகர்ந்தார், பையில் கேரட் இல்லை என்று கண்டுகொண்டார், நின்றார்.

"என்னக்கா, என்னைப் பாத்தா இவருக்கு நம்பிக்கை வரலையா?"

"பாக்கவா செய்யறார் தம்பி?"

அடுத்து சாதுவான செம்பட்டைக் குதிரை ஒன்றின் கழுத்தில் கட்டினார்கள். அது அழகாக நடந்தது. தனியாக நடந்தது.

கடைசியில் வாட்ச்காரர் கதவைத் தாண்டி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு அவர் செய்த காரியங்களில் இது பெரிசு என்று பிறகு மகள் சொன்னாள். இடுப்பில் மணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை நேரே வைத்து, பெண்டுலம் மாதிரி ஒரே சீராக அடி எடுத்து வைத்துத் தொட்டிவரை போனார். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அக்கா, "என்ன செய்யறது, என்கிட்ட மட்டும்தான் வருவார்" என்று கையைப் பிசைந்தாள். வருத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த முகத்தில் வருத்தம் மட்டும் இல்லை. அதை வாட்ச்காரர் பார்த்துவிட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேலிக்கு வெளியே உட்கார்ந்தார்.

"நீ ஒரு தடவை நட" என்றார்.

அக்கா மணியை வாங்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். பெரியவர் உடனே பின்னால் கிளம்பினார். வாட்ச்காரர் பார்க்கவில்லை. ரிப்பேருக்கு வந்த சுவர்க் கடிகாரத்தின் முன்னால் உட்காருவது போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு சுற்று முடித்து வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நீ சமமா அடிக்கல."

"என்னது?"

"ஒரு அடி பெரிசு, ஒரு அடி சின்னது. ஒரு சத்தம் ஓங்கி வருது, அடுத்தது அமுங்கி வருது. கடிகாரத்தைச் சுவர்ல சாய்ச்சு மாட்டினா இப்படித்தான் அடிக்கும். நான் நேரா நடந்தேன், கிளார்க்கும் நேரா நடந்தார். அதான் வரல."

"நான் நொண்டறேன்னு சொல்றீங்க."

"அந்தச் செத்துப்போன குதிரை, அதுவும் நொண்டிச்சா?"

அக்கா அண்ணியின் நடையை நினைத்துப் பார்த்தாள். அண்ணிக்கு முன்னங்காலில் வாதம். நடக்கும்போது வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்குவாள். கழுத்து மணி ஒரு தடவை ஓங்கி, ஒரு தடவை அமுங்கி ஒலிக்கும். பெரியவர் பழகியது அந்தச் சத்தத்தோடு.

"அப்போ இவ்வளவு நாளும் அவர் என் பின்னாடி வந்தது..."

"முட்டிக்காக" என்றார் வாட்ச்காரர். இப்படிப்பட்ட இடங்களில் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. கடிகாரம் ஓடாது என்றால் ஓடாது என்றுதான் சொல்லிப் பழக்கம்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டன. வாட்ச்காரர் அதையும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் அக்காவே பேசினாள்.

"வக்கீல் நொண்டும்."

"எது, அந்தக் கடிக்கிறதா?"

"அதுவேதான்."

மறுநாள் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு வக்கீலின் முன்னங்காலைப் பார்க்கச் சொன்னார்கள். வலியோடு நொண்டுகிற குதிரைக்கு வைத்தியம் பார்க்காமல் மணி கட்டி நடக்கவிட அக்காவுக்கு மனம் வரவில்லை. டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். வக்கீல் அவர் தொப்பியைக் கடித்துப் பார்த்தது. "வலி இல்ல. எப்பவோ உடைஞ்சு கோணலா சேர்ந்து இறுகிடுச்சு. இது வியாதி இல்லம்மா, இதோட நடையே இதுதான். சாகறவரைக்கும் மாறாது."

"சாகறவரைக்கும் மாறாதா?" என்று அக்கா மறுபடி கேட்டாள். இப்படி ஒரு செய்திக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்களை டாக்டர் பார்த்ததில்லை.

வக்கீலின் கழுத்துக்குக் கித்தானில் அகலமாக ஒரு பட்டை தைத்தாள். பொத்தான் வைத்தால் பிய்த்துவிடும் என்று மூன்று மடிப்பாக அடித்துத் தைத்தாள். மாட்டும் வேலை கிளார்க்குடையது. முழங்கையில் ஒரு கடி வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டார். "ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது" என்று கிளார்க் அதனிடம் சொன்னார். அப்படிச் சொல்லும் வாய்ப்புக்காக அவர் வெகுநாளாகக் காத்திருந்தது போலத் தெரிந்தது.

தொட்டிப் பக்கம் தவிடு வைத்தார்கள். வக்கீல் கிளம்பியது. மணி ஒரு தடவை ஓங்கி அடித்தது, ஒரு தடவை அமுங்கி அடித்தது.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் நகர வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். அப்படியும், அவர் நகராமல் இருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதை யாரும் பார்க்கவில்லை என்றாலும் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, மண்ணில் கனத்த குளம்புகள் நடந்து போகும் சத்தத்தைக் கேட்டாள்.

பெரியவர் போய்க்கொண்டிருந்தார்.

யாரோ பின்னால் வருகிறார்கள் என்று தெரிந்ததும் வக்கீல் நின்று காதை மடித்தது. வேறு குதிரையாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பெரியவருக்கு மடித்த காது தெரியவில்லை. வக்கீல் பல்லைக் காட்டியது. அதுவும் தெரியவில்லை. உதைப்பேன் என்று பின்னங்காலைத் தூக்கிக் காட்டியது. தூக்கியது தெரிந்தால்தானே. பெரியவர் நேராக வந்து அதன் புட்டத்தில் மூக்கை வைத்து நின்றார். வக்கீல் கொஞ்ச நேரம் யோசித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. திரும்பித் தவிட்டைப் பார்த்து நடந்தது. பெரியவரும் நடந்தார்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அக்கா தினமும் கிளார்க்கை ஃபோனில் கூப்பிட்டு, "நடந்தாரா?" என்று கேட்டாள். நடந்தார் என்று பதில் வரும். "நல்லது" என்று வைத்துவிடுவாள். ஒரு நாள், "என்னைத் தேடினாரா?" என்றும் கேட்டாள். கிளார்க் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்று பழகியவர். "சொல்றதுக்கில்லக்கா" என்றார்.

வெளியே போகலாம் என்று டாக்டர் விட்ட அன்றே அக்கா மரவாடிக்கு வந்தாள். கால் நேராக இருந்தது. அடி சமமாக விழுந்தது. கைப்பையில் ஒரு மணி இருந்தது. வாட்ச்காரரின் டிராயரில் கிடந்த பழைய மணி. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பெரியவர் புல் மேட்டில் நின்றார். அக்கா இடுப்பில் மணியைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நடந்தாள். பெரியவர் மென்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தாள். காது அசையவில்லை. நின்று யோசித்தாள். அப்புறம் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து ஓர் அடி நடந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் பின்னால் வந்த வாட்ச்காரர்.

"நொண்டி நடந்து பழகக் கூடாதுன்னார்."

"அப்புறம்?"

அக்கா காலை நேராக வைத்தாள். மணியை அவிழ்த்துப் பையில் போட்டாள்.

தண்ணீர் நேரம் வந்தது. வக்கீல் மேட்டிலிருந்து இறங்கியது. பெரியவரும் பின்னால் இறங்கினார். அவர்கள் போகும் தடத்தில் அக்கா நின்றாள். வக்கீல் போகிற போக்கில் அவள் முழங்கையைக் கடிக்கப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதற்கு அவளைத் தெரிந்திருந்தது. பெரியவர் பக்கத்தில் வந்ததும் நின்றார். மூக்கை நீட்டினார். கையை முகர்ந்தார், தோளை முகர்ந்தார், சட்டைப் பையைக் கண்டுபிடித்து அதிலிருந்த கேரட்டை எடுத்துக்கொண்டார். தின்று முடித்தும் போகவில்லை. அவள் கழுத்துப் பக்கம் மூக்கை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். முன்னால் மணி தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது, ஒரு காது இங்கேயே இருந்தது.

"போங்க, போங்க. அது போயிடப்போவுது" என்று அக்கா அவர் கழுத்தைத் தட்டினாள்.

பெரியவர் போனார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

வாட்ச்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அந்த வாளியைத் தண்ணீர் தூக்க யாரும் எடுப்பதில்லை.

"தெரிஞ்சுதா அவருக்கு?" என்றார்.

"கேரட் தெரிஞ்சுது."

"கேரட் தின்னப்புறமும் நின்னாரே. மணிச் சத்தம் பாதி தேஞ்சப்புறம்தான் குளம்புச் சத்தம் வந்துது. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அக்கா பக்கத்தில் நின்ற குதிரையின் குளம்புறையில் விட்டுப்போன தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு யாரோ ஒருவர் வீட்டு விஷயம் போல, "இடது முட்டியும் தேய ஆரம்பிச்சிருக்குன்னார் டாக்டர்" என்றாள்.

அந்தக் குரலில் இருந்தது கவலை இல்லை என்பது வாட்ச்காரரின் காதுக்குத் தெரிந்துவிட்டது.

"அதையும் மாத்திடலாம்" என்றார்.